யாழ்தேவி வராத காலம்: ஓட்டிசமும் ஆழ்ந்த ஈடுபாடுகளும்

1956 ஏப்ரலில் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதிதான் ரயில் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்குள் நுழைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில் என்பது பாடப்புத்தகத்துப் படம், அல்லது அம்மம்மா சொல்லும் கோச்சிக் கதை.

ஓட்டிசம் பற்றி மேற்கில் எழுதப்பட்ட நூல்களைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது ரயில். நேர அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் பையன், பெட்டிகளின் இலக்கங்களைக் கொப்பியில் குறித்துவைக்கும் இளைஞன், தண்டவாளத்தோரம் மணிக்கணக்காக நிற்கும் பிள்ளை என்று பக்கங்கள் நிறைந்திருக்கும். அப்படியானால், ரயிலே இல்லாத ஊரில் பிறந்த ஓட்டிசப் பிள்ளை எதைப் பற்றிக்கொண்டது?

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் நின்று கேட்டால், நாம் நம்பிவைத்திருக்கும் பலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பற்றிக்கொள்ளும் பொருளைக் கொடுப்பது ஊர். பற்றின் ஆழத்தைக் கொண்டுவருவது பிள்ளை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாததால் எத்தனையோ பிள்ளைகளைக் கண்முன் வைத்துக்கொண்டே நாம் காணாமல் விட்டிருக்கிறோம்.

விசர் என்ற சொல்

தமிழ்நாட்டில் ஆட்டிசம் என்றும் இலங்கையில் ஓட்டிசம் என்றும் எழுதுகிறோம். மதியிறுக்கம் என்ற தமிழாக்கமும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்து முற்றத்தில் இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து விழுவது, பைத்தியம் என்று பொருள்படும் 'விசர்'. ஒரு பிள்ளையை ஒதுக்கித் தள்ள அந்த ஒரு சொல் போதும். அதே சொல்லை நாம் செல்லமாகவும் சொல்கிறோம். 'அவனுக்குக் கிரிக்கெட் விசர்', 'அவளுக்குப் படம் பார்க்கிற விசர்' என்னும்போது அதில் குற்றம் எதுவும் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

நம் மரபுக்கு இந்த இரட்டை நிலை புதிதல்ல. சிவனையே பித்தன் என்று அழைத்த மரபு இது. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளைப் பலரும் விசரன் என்றே சொன்னார்கள். யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள் அவரிடம்தான் தம் குருவைக் கண்டார். ஏட்டுச் சுவடிகளின் பின்னால் ஆயுள் முழுவதும் அலைந்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை தனியொருவராக அபிதானகோசம் என்ற கலைக்களஞ்சியத்தைத் தொகுத்து 1902இல் வெளியிட்டார். நம் காலத்தில் குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பழைய பத்திரிகைகளையும் நறுக்குகளையும் திரட்டி நுண்படச் சுருள்களில் காத்துவைப்பதையே வாழ்க்கையாக்கினார். இவர்களில் எவருக்கும் ஓட்டிசம் இருந்ததென்று நான் சொல்லவில்லை. இறந்தவர்களுக்கு நோய்ப்பெயர் சூட்டும் வேலையில் எனக்கு உடன்பாடில்லை. நான் காட்ட விரும்புவது ஊரின் மனத்தை. ஒரே பொருளில் மூழ்கிக் கிடப்பதை மதிக்க இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பொருள் சுவடியாகவோ சாமியாகவோ இருக்கவேண்டும், அவ்வளவுதான். மேசை விசிறியிலோ பஸ் இலக்கத்திலோ மூழ்கிய பிள்ளைக்கு அந்த மதிப்புக் கிடைப்பதில்லை.

ஈடுபாடு என்பது என்ன

1943இல் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஓட்டிசம் தனி நிலையாக அடையாளம் பெற்றது. அதில் முதலாவது பிள்ளை மிசிசிப்பி மாநிலத்தின் ஃபொரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட். வட்டமான எதையும் தரையில் சுழலவிட்டுப் பார்த்து ஆனந்தப்படுவான். இரண்டு வயதளவிலேயே விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தை ஒப்புவித்தான். தங்கள் திருச்சபையின் வினாவிடையில் 25 கேள்விகளுக்கு விடை சொன்னான். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் விவரித்த பிள்ளைகளும் தங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேராசிரியர்போலப் பேசிக்கொண்டே இருந்தவர்கள்.

2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, இந்த ஈடுபாடுகளை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகக் கொள்கிறது. ஆழத்திலோ பொருளிலோ வழமைக்கு மாறான ஈடுபாடு என்பது அதன் வரையறையின் சாரம். இங்கே இரண்டு அளவுகோல்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆழத்தை எந்த ஊரிலும் ஒரே மாதிரிப் பார்க்கலாம். 'வழமைக்கு மாறான பொருள்' எது என்பதை அந்தந்த ஊர்தான் தீர்மானிக்கிறது.

ஏன் இப்படி ஒன்றில் மூழ்குகிறார்கள்? 2005இல் டைனா மரே, மைக் லெசர், வெண்டி லோசன் மூவரும் முன்வைத்த விளக்கம் ஓட்டிசம் உள்ளவர்கள் பலரால் தங்கள் அனுபவத்துக்கு நெருக்கமானதென்று ஏற்கப்பட்டது. லோசன் தாமே ஓட்டிசம் உள்ளவர். கவனம் என்பது அளவோடு கிடைக்கும் வளம். பெரும்பாலானோரின் கவனம் அரிக்கன் லாம்பைப் போன்றது. சுற்றிவர எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். ஓட்டிசம் உள்ளவரின் கவனம் டோர்ச் வெளிச்சம். விழுந்த இடம் பகலாகும், மற்ற இடம் இருட்டாகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை நம்மை மதிக்காமல் இருக்கவில்லை. நாம் நிற்கும் இடத்தில் அந்த நேரம் வெளிச்சம் இல்லை.

இதே 2005இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு எனக்கு மறக்காது. ஓட்டிசம் உள்ள 11 வயதுப் பையன் ஒருவனுக்கு 'டிஜிமொன்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் உருவங்களில் பெரும் பற்று. மனித முகங்களைப் பார்க்கும்போது வழமையாக உயிர்பெறும் மூளைப் பகுதி, அவன் முகங்களைப் பார்த்தபோது அவ்வளவாக இயங்கவில்லை. டிஜிமொன்களைப் பார்த்தபோது இயங்கியது. ஒரேயொரு பிள்ளையிடம் கண்டதை வைத்து எல்லோருக்கும் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் ஒன்று தெரிகிறது. நாம் மனிதரை அடையாளம் காணும் நுட்பத்தோடு அந்தப் பையன் தன் உருவங்களை அடையாளம் கண்டான். அவனுக்கு அவை நெருங்கிய உறவினர் மாதிரி.

யாழ்ப்பாணம் கொடுத்த பொருள்கள்

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். 1990களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரித்த சிறுவிளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். செய்தி கேட்கவேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகவோ ஸ்டாண்டிலோ நிறுத்தி, பெடலை மிதித்து, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியை ஓடவைத்தார்கள். பெரியவர்களின் காது செய்தியில் இருக்கும். அந்த இடத்தில் டொனால்ட் இருந்திருந்தால் அவன் கண் எங்கே இருந்திருக்கும்? சுழலும் சில்லில். கம்பிகள் வேகத்தில் மறைந்து, வேகம் குறையும்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் அந்த மாயத்தில். மிசிசிப்பியில் அடுப்பங்கரைச் சட்டிமூடிகள் செய்த வேலையை இங்கே றலி சைக்கிளின் பின்சில்லு செய்திருக்கும்.

தைப்பொங்கல் காலத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்கு வாருங்கள். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம் என்று வானம் நிறையும். பட்டத்தின் தலையில் வில்போல வளைத்த மூங்கிலில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் அதிரும். அதற்கு விண் என்று பெயர். விண் கூவும் சத்தம் பட்டத்துக்குப் பட்டம் வேறு. நாடாவின் அகலமும் இழுவிசையும் மாறினால் சுருதி மாறும். எல்லாப் பிள்ளைகளும் வானத்தைப் பார்க்கையில், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு எந்தப் பட்டம் என்று சொல்லும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மற்றப் பிள்ளைகள் தைமாதம் முடிந்ததும் பட்டத்தை மறந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளை ஆவணியிலும் நாடாவை இழுத்து இழுத்துப் பார்க்கும். பருவம் முடிந்தபின்னும் முடியாத ஆவல், கவனித்துப் பார்க்கவேண்டிய ஓர் அறிகுறி.

வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கக் கலண்டர் இன்னொன்று. எந்தத் திகதியைச் சொன்னாலும் கிழமை சொல்லும் பிள்ளைகளை ஓட்டிச ஆய்வுகள் பலமுறை பதிவுசெய்துள்ளன. இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் புழங்கும் ஊரில் அந்தத் திறன் திதி, நட்சத்திரம், இராகுகாலம் என்று இன்னும் விரியும். கோயில் வீதியில் தவில் அடிக்கும் விரலையே பார்த்து நிற்பதும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்கும் எந்த நாள் எந்த வாகனம் என்று வரிசை தவறாமல் சொல்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒப்புவிப்பதைக் கொண்டாடும் ஊர் இது. மூன்று வயதுப் பிள்ளை தேவாரத்தை முழுதாகப் பாடினால், '108 போற்றியும் பாடமாம்' என்று ஊர் மெச்சும். அந்தப் பிள்ளை தண்ணீர் வேண்டுமென்று வாய்திறந்து கேட்பதில்லை என்பதை அந்த மெச்சல் மறைத்துவிடும். டொனால்டின் சங்கீதமும் வினாவிடையும் இப்படித்தான் முதலில் கெட்டித்தனமாகத் தெரிந்திருக்கும். ஊர் மதிக்கும் பொருளில் ஈடுபட்ட பிள்ளையைக் கெட்டிக்காரர் என்கிறோம். மதிக்காத பொருளில் ஈடுபட்ட பிள்ளையை விசர் என்கிறோம். இரண்டு பிள்ளைகளுக்குமே உதவி கிடைக்காமல் போகிறது.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். அவர்களின் ஈடுபாடுகள் விலங்குகள், கதைப் பாத்திரங்கள், நடிகர்கள், பாடகர்கள் என்று மற்றப் பிள்ளைகளின் விருப்பங்களைப் போலவே தோன்றுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பொருள் சாதாரணம், ஆழம் மட்டுமே அசாதாரணம். பொருளை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. ஒரே கோலத்தை நாள்தோறும் புள்ளி பிசகாமல் போட்டு, யாரோ ஒருவர் தெரியாமல் அதில் கால்வைத்ததும் அன்று முழுவதும் அழுது தீராத பெண்பிள்ளையை நாம் 'பொறுப்பான பிள்ளை, கொஞ்சம் பிடிவாதம்' என்று சொல்லி நகர்ந்துவிடுவோம்.

மொழிபெயர்த்த வினாக்கொத்து

இப்படிப் பிள்ளைகளைக் காணாமல் விடுகிறோம் என்பது வெறும் ஊகம் அல்ல; அதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. கொழும்பைச் சேர்ந்த குழந்தை மனநல நிபுணர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஓர் அரைநகரப் பகுதியில் 18 முதல் 24 மாத வயதுள்ள 374 குழந்தைகளைப் பரிசோதித்தது. நான்கு குழந்தைகளுக்கு ஓட்டிசம் இருப்பது தெரிந்தது. 93 பேரில் ஒருவர். ஓட்டிசத்தைக் கண்டறிய உலகெங்கும் பாவிக்கப்படும் எம்-சாட் வினாக்கொத்தை மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கேட்டபோது, அது பிடித்துக்கொடுத்தது அந்த நால்வரில் ஒருவரை மட்டுமே.

வினாக்கள் மொழிமாறி வந்துவிட்டன. அவை கேட்கும் வாழ்க்கை வரவில்லை. 'உங்கள் பிள்ளைக்கு வழமைக்கு மாறான விருப்பம் ஏதும் உண்டா?' என்று கேட்டால் யாழ்ப்பாணத்துத் தாய் 'இல்லை' என்றே சொல்வாள். கிணற்றுக் கப்பி சுழல்வதை ஒரு மணிநேரம் பார்ப்பதை அவள் விருப்பம் என்று கணக்கிலெடுப்பதில்லை. குழப்படி செய்யாமல் இருக்கிறான் என்று நிம்மதியடைகிறாள். மாமி, மச்சாள் முன்னிலையில் பிள்ளையைப் பற்றிக் குறைசொல்ல அவளுக்கு மனம் வராது. பெரேரா குழுவினர் பின்னாளில் படங்களைக் காட்டிக் கேட்கும் ஒரு பரிசோதனை முறையை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். சொல்லில் கேட்டு வராத பதில், படத்தைப் பார்த்ததும் 'ஓம், இவன் இப்படித்தான் செய்யிறவன்' என்று வரும். குடாநாட்டுக்குரிய படங்களில் கப்பியும் டைனமோச் சில்லும் விண்ணும் பஸ் பலகையும் இருக்கவேண்டும் என்பது என் துணிவு.

திறமையைத் தேடும் அவசரம்

ஓட்டிசத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கதைப்பவர்கள் உடனே மேதைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்குவார்கள். ஒருமுறை பார்த்த நகரத்தை அப்படியே வரையும் லண்டனின் ஸ்டீவன் வில்ட்ஷயர் அவர்களில் ஒருவர். அவர் உண்மையான கலைஞர், அதில் ஐயமில்லை. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சையும் ரியூசனும் பிள்ளைகளின் நாட்களை விழுங்கும் ஊரில், 'இந்த விருப்பத்தால் இவனுக்கு என்ன பிரயோசனம்?' என்ற கேள்வி மிக விரைவாக வந்துவிடும். பிரயோசனம் இல்லாவிட்டால் பறித்துவிடு, இருந்தால் பரிசுக்கு அனுப்பு. இரண்டிலும் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு இடமில்லை.

அமெரிக்காவின் ஜெஸி பார்க்கைப் பாருங்கள். 1958இல் பிறந்தவர். தாய் கிளாரா கிளெய்போர்ன் பார்க் அவரைப் பற்றி எழுதிய நூல் 1967இல் வெளிவந்தது. ஓட்டிசப் பிள்ளையின் தாய் உள்ளிருந்து எழுதிய தொடக்க கால நூல்களில் ஒன்று. ஜெஸிக்குப் பிடித்தவை வானொலியின் அலைவரிசை முகப்பு, மின்சூடேற்றி, மின்போர்வையின் கட்டுப்பாட்டுப் பெட்டி, தெருவிளக்கு. அவற்றை அவர் வானவில் நிறங்களில் வரைந்தார். ஓவியங்கள் கண்காட்சிகளுக்குப் போயின. ஆனால் ஓவியம் விற்பனையாகும் என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மின்சூடேற்றியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்கு எவரும் விலைபோட வேண்டியதில்லை.

டொனால்டைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பாடசாலைக் காலத்தில், ஒரு கட்டடத்தில் எத்தனை செங்கல் என்று கேட்டதும் ஒரே பார்வையில் எண்ணிச் சொன்னான் என்று ஊரே கதைத்தது. பல பத்தாண்டுகள் கழித்து இரண்டு பத்திரிகையாளர்கள் அவரிடமே கேட்டபோது, தான் எண்ணவில்லை என்றும், வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன் என்றும், அந்தப் பையன்கள் தன்னைப் பற்றி நல்லபடியாக நினைக்கவேண்டும் என்று விரும்பியதாகவும் அவர் சொன்னார். மனிதரே வேண்டாத உள்ளம் என்று மருத்துவம் எழுதிவைத்த பிள்ளை, எண்களைக் கையில் ஏந்திக்கொண்டு மனிதரிடம்தான் போயிருக்கிறது.

எல்லையும் பாலமும்

ஈடுபாட்டைக் கொண்டாடுவதோடு கடமை முடிந்துவிடாது. ரேச்சல் குரோவும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்கள் 443 பேர் பங்கேற்றார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிறப்பு ஈடுபாடு இருந்தது. அது வாழ்க்கை நிறைவோடும் ஓய்வுநேர மகிழ்ச்சியோடும் சேர்ந்து காணப்பட்டது. ஆனால் ஈடுபாட்டின் தீவிரம் மிகமிக உயர்ந்தவர்களிடம் நல்வாழ்வு குறைந்தே இருந்தது. உணவும் உறக்கமும் மறக்கும் அளவுக்குப் போனால் கைகொடுத்து வெளியே அழைத்துவர வேண்டும். பல வேளை அந்தத் தீவிரத்துக்குக் காரணம் வெளியே இருக்கும்: பாடசாலையில் கேலி, தாங்கமுடியாத இரைச்சல், வீட்டில் நடந்த மாற்றம். அந்தக் காரணத்தைத் தொடாமல் பிடித்த பொருளை மட்டும் ஒளித்துவைத்தால் பிள்ளைக்கிருந்த ஒரே தஞ்சமும் போய்விடும். இடப்பெயர்வுகளின்போது வீடும் வழமையும் ஒரே இரவில் இல்லாமல் போன பிள்ளைகள், கையில் கொண்டுவந்த ஒரு போத்தல் மூடியைச் சுழற்றிச் சுழற்றியே அந்த நாட்களைக் கடந்திருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

சமூகம் கதவைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயோர்க்கின் டேரியஸ் மக்கொலம் எடுத்துக்காட்டு. 1981இல், 15 வயதில், சுரங்க ரயில் ஒன்றைத் தானே ஓட்டிச் சென்று கைதானார். ரயிலையும் பஸ்ஸையும் நுணுக்கமாக அறிந்தவர்; வேலை கேட்டார், கிடைக்கவில்லை. பணியாளர் உடையில் வண்டி ஓட்டிப் போய் முப்பது தடவைக்கு மேல் கைதானார். அதே நியூயோர்க்கில் போக்குவரத்து அருங்காட்சியகம் இன்று ஓட்டிசப் பிள்ளைகளைச் சேர்த்து, ரயிலைப் பற்றிய துப்பறியும் விளையாட்டுகளால் அவர்களுக்குள் நட்பை வளர்க்கிறது. உளவியலாளர் டானியல் லெகொஃப் 2004இல் வெளியிட்ட ஆய்வில் லெகோ கட்டைகளைக் கொண்டு செய்ததும் இதுதான். ஒரு பிள்ளை வரைபடம் பார்த்துச் சொல்ல, இன்னொன்று துண்டு எடுத்துக் கொடுக்க, மூன்றாவது பொருத்தும். மூவரும் பேசியே ஆகவேண்டும்; அதுவும் தங்களுக்குப் பிடித்ததைப் பற்றி.

இதற்கு லெகோவை இறக்குமதி செய்யத் தேவையில்லை. பட்டம் கட்டுவதே அப்படிப்பட்ட வேலை. ஒருவர் மூங்கில் சீவ, ஒருவர் முச்சை கட்ட, ஒருவர் விண்ணின் நாடாவை இழுத்துச் சுருதி பார்க்கலாம். கோண்டாவிலில் சிவபூமி அறக்கட்டளையின் சிறப்புப் பாடசாலை இயங்குகிறது; பல பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உண்டு. அங்கே பிள்ளையின் கோப்பில் 'குறைபாடு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'பிடித்தது' என்று ஒரு கட்டம் இருந்தால், ஆசிரியருக்கு முதல்நாளே ஒரு வழி கிடைக்கும். பஸ் இலக்கத்தால் கூட்டலையும், வழித்தடத்தால் புவியியலையும், நேர அட்டவணையால் காத்திருக்கும் பழக்கத்தையும் கற்பிக்கலாம்.

டொனால்ட் டிரிப்லெட் 2023இல் 89 வயதில் ஃபொரஸ்டில் இறந்தார். உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் விளையாடினார், தனியாகப் பல நாடுகளுக்குப் பயணம் போனார். அவரைத் தேடிச்சென்ற பத்திரிகையாளர்களிடம், டொனுக்கு ஏதும் தீங்கு செய்தால் உங்களை எங்கே பிடிப்பதென்று எங்களுக்குத் தெரியும் என்று ஊர்க்காரர் எச்சரித்தார்களாம். குடும்பத்துக்கு வசதி இருந்தது உண்மை. ஆனால் அவரைக் காத்து நின்றது அந்தச் சிற்றூரின் பழக்கம்: அவர் அப்படித்தான், அவர் எங்கள் ஆள்.

நம் ஊரிலும் இதற்கு வேண்டியது பெரிய செலவல்ல. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் 'எந்த பஸ்ஸில வந்தனீங்கள்?' என்று கேட்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் 'தம்பி எத்தனையாம் வகுப்பு?' என்று திருப்பிக் கேட்பார்கள். அவன் அதற்குப் பதில் சொல்லாமல் மறுபடி அதையே கேட்பான். தாய் வெட்கப்பட்டு, 'உள்ள போ ராசா' என்பாள். அவனுக்குத் தெரிந்த வணக்கம் அதுதான்; அதை அவன் வாசலில் வந்து நின்று சொல்லியிருக்கிறான். '750இல வந்தனான் தம்பி, பருத்தித்துறையில ஏறினனான், யன்னல் பக்கம் இடம் கிடைச்சது' என்று அவனுக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு அவன் சொல்வதைக் கேட்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.